ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போனோம்... பெரியப்பாவின் 60 வருடக் கேள்வியோடு!

“அடுத்த 24 மணி நேரத்தில்...” என்று டி.வி.யில் வானிலைச் செய்தி ஆரம்பித்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது. மிக்ஸி ஓடக்கூடாது. குக்கர் விசில் அடித்தாலும் பெரியப்பா திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். திரையில் அந்தச் செயற்கைக்கோள் படம் வரும். வங்கக் கடல் மேல் பஞ்சுப்பொதி போல வெள்ளையாக ஏதாவது சுழன்றால் போதும், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுவார்.

சின்ன வயதில் எனக்கு இது வேடிக்கையாக இருக்கும். காரணம் தெரிந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

பெரியப்பாவுக்குச் சொந்த ஊர் பாம்பன். 1964 டிசம்பர் 22 அன்று அவருக்குப் பத்து வயது. என் அப்பாவுக்கு மூன்று. காலையில் என் தாத்தா கருவாட்டு மூட்டையோடு தனுஷ்கோடிக்குப் போனார். அன்றைக்குத் தனுஷ்கோடி பெரிய ஊர். ரயில் நிலையம், தபால் அலுவலகம், சுங்க அலுவலகம், தலைமன்னாருக்குக் கப்பல் என்று எல்லாமே உண்டு. ‘ராத்திரிக்குள்ள வந்துடுறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர் வரவே இல்லை. அன்று இரவு ஏழு மீட்டர் உயரத்துக்குக் கடல் எழுந்து ஊரையே வாரிக்கொண்டு போனது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலும் அப்படியே போய்விட்டது. தாத்தாவின் உடல்கூடக் கிடைக்கவில்லை. வீட்டில் அவருடைய புகைப்படமும் ஒன்று இல்லை.

அதற்குப் பிறகு சென்னைக்கு வந்து, காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்து, என் அப்பாவைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்து வைத்து, இப்போது எங்களோடு இருக்கிறார் பெரியப்பா. அப்பாவும் இல்லாத இந்த வீட்டில் அவர்தான் பெரியவர். ஒவ்வொரு புயல் செய்தியின் போதும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்.

“அன்னைக்கும் இப்படி மேல இருந்து ஒருத்தன் பாத்துச் சொல்லியிருந்தா, அப்பா போயிருப்பாரா தாயி?”

இதற்கு நான் என்ன பதில் சொல்ல?

2024 பிப்ரவரியில் ஒருநாள், என் மகன் ஃபோனை நீட்டினான். “பெரிய தாத்தா! ஸ்ரீஹரிகோட்டாவுல வெதர் சாட்டிலைட் விடுறாங்களாம். நேர்ல பாக்கலாமாம்!” 17-ம் தேதி, சனிக்கிழமை, மாலை 5.35. வானிலையைக் கவனிப்பதற்கென்றே செய்யப்பட்ட இன்சாட்-3டிஎஸ். பெரியப்பா அவன் ஃபோனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “என்னையும் கூட்டிட்டுப் போவீங்களா?” என்றார். அவர் எங்களிடம் வாய்விட்டு ஒன்று கேட்டது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

கடலுக்குப் போகாத நாள்

சனிக்கிழமை காலையில் கிளம்பினால் போதும் என்றுதான் என் கணவர் சொன்னார். பெரியப்பாதான் வெள்ளிக்கிழமையே பழவேற்காட்டுக்குப் போக வேண்டும் என்றார். காசிமேட்டில் அவரோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் அங்கே இருக்கிறார். எங்களுக்குச் சித்தப்பா முறை. மகனோடு சேர்ந்து ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறார்.

பழவேற்காடு பார்க்க வேண்டிய ஊர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் வந்து கோட்டை கட்டிய இடம். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயிலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். என் மகன் அங்கேயிருந்து நகர மாட்டேன் என்று அடம்பிடித்தான். ஊருக்கு மேற்கேயும் வடக்கேயும் பழவேற்காடு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கிற தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா.

இரவுச் சாப்பாட்டுக்கு நண்டுக் குழம்பும் இறால் வறுவலும் செய்திருந்தார் சித்தி. சாப்பிட்டுக்கொண்டே என் கணவர், “நாளைக்கு விடியக்காலையில நானும் உங்ககூடக் கடலுக்கு வரட்டுமா சித்தப்பா?” என்று கேட்டார்.

சித்தப்பா சிரித்துவிட்டார். “நாளைக்கு யாரும் போகக்கூடாது மாப்ள. ராக்கெட் விடுறாங்க இல்ல? அன்னிக்கு இந்தப் பக்கம் தொழில் கிடையாது.”

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் வேடிக்கை பார்க்கப் போகிறோம். அதே நாளில் இவர்கள் வீட்டில் அடுப்புக்கு வருமானம் இல்லை. ராக்கெட்டின் கழன்று விழும் பாகங்கள் கடலில்தான் விழும். ஏதாவது கோளாறு என்றால் ராக்கெட்டே கடலில்தான் விழவேண்டும். அதனால்தான் ஏவுதளத்துக்குக் கிழக்கே கடல் இருப்பதுபோல இடம் பார்த்தார்கள். ஏவும் நாளில் அந்தக் கடலில் படகு இருக்கக்கூடாது. பாதுகாப்புக்குத்தான். ஆனாலும், அந்த ஒருநாள் கூலி இவர்களுக்குப் போனது போனதுதானே?

“கோவம் வராதா சித்தப்பா?” என்று கேட்டேன்.

“வரும். மாசத்துல புயல் எச்சரிக்கை ரெண்டு நாள், காத்து ரெண்டு நாள், இது ஒரு நாள்னு போனா கையில இன்னா நிக்கும்? ஆனா...” என்று மகனைப் பார்த்தார். அவர் மகன் ஃபோனை எடுத்துக் காட்டினார். நாளை மறுநாள் அலை எவ்வளவு உயரம், காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகம், எந்தப் பக்கம் மீன் இருக்க வாய்ப்பு என்று எல்லாம் அதில் இருந்தது. “இதுவும் அங்கேர்ந்து போறதுதானே பாத்துச் சொல்லுது!”

கடலுக்குள் இருக்கிற மீனை வானத்திலிருந்து எப்படிப் பார்ப்பது என்று என் மகனுக்குச் சந்தேகம். மீனை யாரும் பார்ப்பதில்லை. ஓஷன்சாட் வகைச் செயற்கைக்கோள்கள் கடலின் நிறத்தைப் பார்க்கின்றன. கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் எங்கே அதிகமோ, அங்கே தண்ணீர் சற்றுப் பச்சை ஏறியிருக்கும். பாசியைத் தேடிச் சின்ன மீன் வரும், சின்ன மீனைத் தேடிப் பெரிய மீன் வரும். நிறத்தோடு கடல் மேற்பரப்பின் வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஹைதராபாத்திலிருக்கும் கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை அறிவிக்கிறது. மேகம் மூடியிருந்தால் நிறம் தெரியாது, அன்றைக்குத் தகவலும் கிடைக்காது.

சாப்பிட்ட கை காய, பெரியப்பா தன் பழைய கேள்வியைக் கேட்டார். சித்தப்பா உடனே பதில் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்.

“பாத்தா மட்டும் போதாதுண்ணா. சொல்றவன் வேணும். அது போய்ச் சேரணும். கேக்குறவனும் வேணும். ஒக்கி வந்தப்ப இன்னா ஆச்சு?”

2017 நவம்பர் கடைசியில் கன்னியாகுமரி பக்கம் வந்த ஒக்கி புயலை வானத்திலிருந்து பார்க்காமல் இல்லை. ஆனால், அது மளமளவென்று வலுத்தது. பல நாள் தங்கி மீன் பிடிக்க ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள் செல்ஃபோன் சிக்னலைத் தாண்டி ரொம்ப தூரத்தில் இருந்தார்கள். செய்தி அவர்களைப் போய்ச் சேரவில்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆளை இழந்தன. அதற்குப் பிறகுதான், செல்ஃபோன் சிக்னலே இல்லாத நடுக்கடலிலும் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை வாங்கும் ‘ஜெமினி’ என்ற சின்னக் கருவியை 2019-ல் கொண்டுவந்தார்கள்.

“வர்தா புயல் அன்னிக்கு நானே வலை எடுக்க ஏரிக்குள்ள போகப் பாத்தேன்” என்றார் சித்தப்பா. “இவன்தான் ஃபோன்ல பாத்துட்டு, வேணாம்ப்பான்னான். நான் கேக்கல. டீசல் கேனை ஒளிச்சு வெச்சுட்டான். கன்னாபின்னானு திட்டினேன். அன்னிக்குப் போயிருந்தா, இன்னிக்கு உங்களுக்கு நண்டு இல்ல!”

எல்லோரும் சிரித்தோம். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பையனின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

பூநாரைகளைத் தாண்டி...

பழவேற்காட்டிலிருந்து நேர் வடக்கே கை காட்டினால் ஸ்ரீஹரிகோட்டா. காரில் போகவேண்டுமென்றால் ஏரியைச் சுற்ற வேண்டும். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா வழியாக ஆந்திராவுக்குள் நுழைந்து சூலூர்ப்பேட்டை. சித்தி கட்டிக் கொடுத்த புளிசாதத்தோடு காலையிலேயே கிளம்பிவிட்டோம்.

சூலூர்ப்பேட்டையில் காளங்கி ஆற்றங்கரையில் செங்காளம்மன் கோயில் இருக்கிறது. ராக்கெட் ஏவுவதற்கு முன் இஸ்ரோ தலைவர்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிற கோயில் என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். இந்தக் கோயிலுக்குக் கதவு கிடையாதாம். இரவும் பகலும் அம்மன் சந்நிதி திறந்தே இருக்கும் என்றார்கள். ‘ராத்திரி பகல்னு இல்லாம பாத்துக்கிட்டே இருக்கா’ என்றார் பெரியப்பா. சாமிக்குச் சொன்னாரா, செயற்கைக்கோளுக்குச் சொன்னாரா, தெரியவில்லை.

சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா 18 கிலோமீட்டர் போல. அந்தச் சாலைக்காகவே ஒருமுறை போகலாம். ஏரியின் நடுவே நேர்க்கோடு கிழித்தாற்போல் போகிறது. இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர். அதில் கூட்டம் கூட்டமாகப் பூநாரைகள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வெள்ளை வேட்டியும் ரோஸ் கலர் புடவையும் கலந்து காயப்போட்டதுபோல இருந்தது. தலையைக் கவிழ்த்துச் சேற்றைச் சலித்துக்கொண்டிருந்தன. அன்றைக்கு எங்களைப்போலவே நிறையப் பேர் ஓரமாக வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தீவை 1969-ல் தேர்ந்தெடுத்தார்கள். 1971 அக்டோபரில் ரோகிணி என்ற சிறு ஆய்வு ராக்கெட்டோடு இங்கே வேலை தொடங்கியது. அதற்கு முன் காடும் யானாதிப் பழங்குடி மக்களின் குடிசைகளுமாக இருந்த இடம். அவர்களை வேறு இடத்தில் குடியமர்த்திவிட்டுத்தான் ஏவுதளம் வந்தது. 2002-ல் சதீஷ் தவன் விண்வெளி மையம் என்று பெயர் மாற்றினார்கள். கிழக்கே கடல், பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்று இரண்டு வசதி இந்த இடத்துக்கு. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது அல்லவா? கிழக்கு நோக்கிக் கிளம்பும் ராக்கெட்டுக்கு அந்தச் சுழற்சியே ஒரு தள்ளு கொடுத்துவிடும். ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஓடும் திசையிலேயே குதிப்பதுபோல என்று என் மகனுக்குச் சொன்னேன். “அம்மா, அப்படிக் குதிக்கக்கூடாதுன்னு நீதானே சொன்ன!” என்றான்.

குறும்புக்காரப் பையன்

அடையாள அட்டையைச் சரிபார்த்து உள்ளே விட்டார்கள். பார்வையாளர் மாடம் ஒரு கிரிக்கெட் மைதான கேலரி போலத்தான் இருக்கிறது. 2019-ல் திறந்தது. ஆயிரக்கணக்கில் ஜனம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், காலேஜ் மாணவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், தெலுங்கு, தமிழ், இந்தி என்று ஒரே திருவிழாக் கூட்டம். பக்கத்திலேயே ராக்கெட் மாதிரிகளை நிறுத்தி வைத்த தோட்டமும், அருங்காட்சியகமும் இருக்கின்றன.

அங்கேதான் பெரியப்பாவுக்குக் கதை முழுவதும் கிடைத்தது. உலகத்தில் முதல் வெற்றிகரமான வானிலைச் செயற்கைக்கோள் டைரோஸ்-1. அமெரிக்கா 1960 ஏப்ரல் 1 அன்று அனுப்பியது. அதாவது தனுஷ்கோடி அழிவதற்கு நாலரை வருடம் முன்னாலேயே மேலே இருந்து மேகத்தைப் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

“அப்போ அந்த மாதிரி ஒண்ணு இருந்துச்சா?” என்று கேட்டார் பெரியப்பா. குரல் மாறிவிட்டது.

இருந்தது. ஆனால் அது தாழ்வாகச் சுற்றிச் சுற்றி வருகிற ரகம். ஓரிடத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருக்காது. அது எடுத்த படம் தெளிவாகவே இருந்திருந்தாலும், பாம்பனில் கருவாட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர் காதுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க அன்றைக்கு என்ன வழி இருந்தது? நேற்று இரவு சித்தப்பா சொன்னது எனக்குச் சுளீரென்று உறைத்தது.

நம் நாட்டுக் கதை 1975-ல் ஆரியபட்டாவோடு ஆரம்பிக்கிறது. அதை ரஷ்ய ராக்கெட்டில் அனுப்பினோம். பூமியைப் பார்ப்பதற்கென்று பாஸ்கரா 1979-ல் போனது. அதற்கு நடுவே, 1977 நவம்பரில், இதே ஆந்திராவின் திவிசீமா பகுதியில் அடித்த புயலில் பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். 1983-ல் போன இன்சாட்-1பிதான் நம் தலைக்கு மேல் நிலையாக நின்று வானிலையைப் பார்த்து நெடுநாள் உழைத்த முதல் இந்தியச் செயற்கைக்கோள். வானிலைக்கு மட்டும் என்று 2002-ல் ஒன்று போனது. அடுத்த வருடம் விண்வெளியிலிருந்து திரும்பும் வழியில் இறந்த கல்பனா சாவ்லாவின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

‘நிலையாக நிற்பது’ என்றால்? பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றினால், ஒரு சுற்றுக்கு ஒருநாள் ஆகும். பூமியும் அதே வேகத்தில் சுழல்வதால், கீழிருந்து பார்க்க அது அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். அங்கிருந்து அரை மணிக்கு ஒருமுறை நம் பக்கத்துப் பூமியைப் படம் எடுக்க முடியும். பகலில் சாதாரணப் படம். இரவில் மேகங்கள் வெளிவிடும் வெப்பத்தை வைத்துப் படம். உயரமான மேகத்தின் உச்சி ரொம்பக் குளிர்ந்திருக்கும். எவ்வளவு குளிர்ச்சியோ, அவ்வளவு பலமான மேகம். இன்னொரு கருவி, காற்றின் ஒவ்வோர் அடுக்கிலும் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று அளக்கும். இட்லி பாத்திரத்தைத் திறக்காமலே எந்தத் தட்டு வெந்தது என்று சொல்வதுபோல. இன்சாட்-3டிஎஸ்-ல் இன்னொன்றும் இருந்தது. கடலில் தத்தளிப்பவர்கள் அனுப்பும் அபாய சமிக்ஞையை வாங்கி மீட்பு மையத்துக்கு அனுப்பும் கருவி. இதை என் மகன் படித்துச் சொன்னபோது பெரியப்பா, “இன்னொரு தடவை சொல்லு” என்றார்.

சூரியனைப் பார்க்கப் போன ஆதித்யா எல்-1 பற்றியும் பேச்சு வந்தது. ஐந்து மாதம் முன்னால் இதே தீவிலிருந்து கிளம்பி, 15 லட்சம் கிலோமீட்டர் போய், அந்த ஜனவரி 6 அன்றுதான் தன் இடத்தைப் பிடித்திருந்தது. சூரியனிலும் புயல் வரும். அது பலமாக வந்தால் மேலே இருக்கிற செயற்கைக்கோள்களையே பாதிக்கும். நமக்குப் புயல் சொல்கிறவனுக்கும் ஒருத்தர் புயல் சொல்ல வேண்டியிருக்கிறது! அந்தத் திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி என்று சொன்னதும், பின் வரிசையில் இருந்த தமிழ்ப் பெண்கள் கூட்டம் கைதட்டியது.

மாலை ஐந்து மணி தாண்டியதும் பெரிய திரையில் ராக்கெட்டைக் காட்டினார்கள். ஜி.எஸ்.எல்.வி.எஃப்14. உயரம் கிட்டத்தட்ட 52 மீட்டர், எடை 420 டன். அவ்வளவு எடையும் 2,274 கிலோ செயற்கைக்கோளைத் தூக்கிப்போக. இந்த ராக்கெட்டுக்குக் ‘குறும்புக்காரப் பையன்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. இதற்கு முந்தைய 15 பயணங்களில் சிலது தோற்றிருக்கிறது. இதை ஏன் என் கணவர் அந்த நேரத்தில் சொன்னாரோ! பெரியப்பா முகம் வாடிவிட்டது. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

வெளிச்சம் முதலில், சத்தம் பிறகு

பத்து, ஒன்பது, எட்டு... கேலரி முழுக்க ஒரே குரலாக எண்ணினோம். மரங்களுக்கு அந்தப் பக்கம் சட்டென்று ஒரு வெளிச்சம். மாலைச் சூரியன் மேற்கே இருக்கும்போதே கிழக்கே இன்னொரு சூரியன் எழுந்ததுபோல. வெள்ளைப் புகைக்கு மேலே அது எழும்பியது. சத்தமே இல்லை! டி.வி.யில் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பது போலிருந்தது. மின்னலும் இடியும் போலத்தான். வெளிச்சம் உடனே வந்துவிடும், சத்தம் பின்னாலேயே நடந்து வரும்.

வந்தது. முதலில் காதுக்கு இல்லை, நெஞ்சுக்கு. உட்கார்ந்திருந்த பலகை அதிர்ந்தது. என் மகன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். யாரோ அழுதார்கள், யாரோ ‘பாரத் மாதா கீ ஜே’ என்றார்கள். நான் பெரியப்பாவைப் பார்த்தேன். எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது கடலுக்கு மேலே சாய்ந்து, சின்னப் புள்ளியாகி, மறைந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம்தான் உண்மையான காத்திருப்பு. வேடிக்கை முடிந்தது என்று பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள். பெரியப்பா நகரவில்லை. முதல் கட்டம் முடிந்தது, இரண்டாவது, பிறகு கிரையோஜெனிக் கட்டம் என்று திரையில் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கிட்டத்தட்ட 19 நிமிடம். செயற்கைக்கோள் தனியாகப் பிரிந்தது என்று அறிவித்ததும் கட்டுப்பாட்டு அறையில் கைகுலுக்கினார்கள். பெரியப்பா உட்கார்ந்தார்.

“இது எப்போ வேலைய ஆரம்பிக்கும் தாயி?”

“கொஞ்ச நாள்ல மேல போய் நின்னுடும் பெரியப்பா. அப்புறம் எல்லாத்தையும் சரிபாத்துட்டு ஆரம்பிப்பாங்க.”

“டிசம்பருக்குள்ள ஆயிடும்ல?”

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. “ஆயிடும்” என்றேன். அடுத்த மாதமே அது அனுப்பிய முதல் படங்களை வெளியிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில்

இரவு பழவேற்காட்டுக்கே திரும்பிவிட்டோம். சித்தப்பா கரையிலிருந்து பார்த்தாராம். “உங்களவிட எனக்குத்தான் நல்லா தெரிஞ்சிது. டிக்கெட்டும் இல்ல, லைனும் இல்ல!” என்றார்.

மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு அவர் மகன் படகு தள்ளினார். பெரியப்பாவும் நானும் கரையில் நின்றோம். கிளம்புவதற்கு முன் அவர் ஃபோனைப் பார்த்து, “காத்து கம்மிதான் பெரியப்பா. மத்தியானத்துக்குள்ள வந்துடுவோம்” என்றார். பெரியப்பா குனிந்து கையளவு தண்ணீரை அள்ளிப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். “வாடை விழுந்துருச்சு, போகலாம்” என்றார். ஃபோன் சொன்னதும் பெரியப்பா சொன்னதும் ஒன்றாகவே இருந்தது.

பத்தரை மணிக்குப் படகு திரும்பும்வரை அவர் கரையை விட்டு நகரவில்லை. அவரைச் சாப்பிடக் கூப்பிட எனக்கும் மனசு வரவில்லை. பத்து வயதில் ராத்திரி முழுக்கக் காத்திருந்தவர் அல்லவா?

திரும்பி வரும்போது காரில் யாரும் அதிகம் பேசவில்லை. பொன்னேரி தாண்டியதும் பெரியப்பாவே சொன்னார். “அன்னைக்கு இதெல்லாம் இருந்தாலும், அப்பா போயிருப்பாரு. கேக்குற ஆளு இல்ல அவரு.” கொஞ்சம் இடைவெளி விட்டு, “டீசல் கேனை ஒளிச்சு வைக்கிறதுக்கு எனக்கு அன்னைக்கு வயசு பத்தல” என்றார்.

அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

ஒடிசாவில் 1999 புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013-ல் அதே கரைக்கு ஃபைலின் புயல் வந்தபோது ஏறக்குறைய பத்து லட்சம் பேரை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துப்போனார்கள். இறந்தவர்கள் எண்ணிக்கை பத்துகளில் நின்றது. நடுவில் மேலேயிருந்த கண்ணும் கூர்மையானது. கீழே வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவர்களும் பெருகினார்கள். இரண்டும் சேர்ந்ததால்தான் அத்தனை உயிர்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. டி.வி.யில் அந்த வெள்ளைச் சுழல் தெரிந்ததுமே பெரியப்பா, “நம்ம பாத்து அனுப்புனதுதான் எடுத்துருக்கும்” என்று பெருமையாகச் சொன்னார். இந்தமுறை டி.வி.க்குப் பக்கத்தில் போய் நிற்கவில்லை. என் ஃபோனை வாங்கிப் பழவேற்காட்டுக்குப் போட்டார்.

“டேய், படகை மேல ஏத்திட்டீங்களா?”

“நேத்தே ஏத்திட்டோம்ணா” என்றது அந்தப் பக்கம்.

“சரி, டீசல் கேனு எங்க இருக்கு?”

சித்தப்பாவின் சிரிப்பு எங்கள் ஹால் முழுக்கக் கேட்டது.

போக நினைப்பவர்களுக்கு...

* ராக்கெட் ஏவும் தேதி அறிவித்த பிறகு, சதீஷ் தவன் விண்வெளி மையத்தின் இணையதளத்தில் பார்வையாளர் மாடத்துக்குப் பதிவு தொடங்கும். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். பதிவு செய்தவர்கள் எல்லோரும் அடையாள அட்டை கொண்டுபோக வேண்டும்.

* சென்னை சென்ட்ரலிலிருந்து சூலூர்ப்பேட்டைக்கு மின்சார ரயில் உண்டு. அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் சாலை வழி.

* பூநாரைகளைப் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். சூலூர்ப்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டு பறவைகள் சரணாலயமும் இருக்கிறது.

* வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போனால் தொப்பி, தண்ணீர், சாப்பாடு தயாராக வைத்துக்கொள்ளுங்கள். காத்திருப்பு நீளம். ஏவும் நேரம் தள்ளிப்போகவும் வாய்ப்பு உண்டு.

* ராக்கெட் கண்ணிலிருந்து மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். செயற்கைக்கோள் பிரியும்வரை இருந்து, அந்தக் கைதட்டலிலும் கலந்துகொண்டு வாருங்கள்.